கோட்டுக்கு முன்னால் யார்?

சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே எல்லாரும் நலமா? மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டதா, குறுவை நடவு முடிந்ததா, எழுதுங்கள்.

பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள். மாமியார் எனக்குத் தினமும் நல்லெண்ணெயில் இஞ்சியை வதக்கிக் கோழி சமைத்துத் தருகிறார். இங்கே எள்ளை வறுத்து எடுக்கிற எண்ணெய், வாடை தூக்கல். பத்தியம் அம்மா போடுவதைவிடக் கடுமை. தலைக்குக் குளிக்கவே விடுவதில்லை!

போனில் கேட்டீர்களே, பாப்பாவுக்கு என்ன சாதி போடுவார்கள் என்று. இங்கே கேட்பது இனம் அப்பா. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். இந்த நாலுக்குள் ஊரே அடங்க வேண்டும். கும்பகோணத்துச் சௌராஷ்டிரக்காரர், தஞ்சாவூர் மராட்டியர், யாழ்ப்பாணத்தார், பாகிஸ்தானி எல்லாரும் ஒரே 'இந்தியர்'. நம் தெருவில் போய்ச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

2011 முதல், சீனரான உங்கள் மாப்பிள்ளையும் நானும் போல இனம் விட்டு இனம் கட்டிக்கொண்டவர்கள் பிள்ளைக்கு இரண்டு இனத்தையும் நடுவில் கோடு போட்டுப் பதியலாம். ஆனால் வீடு வாங்க, விற்கக் கோட்டுக்கு முன்னால் இருப்பதுதான் செல்லும். அரசாங்க அடுக்குமாடிகளில் 1989 முதல் இனவாரி வரம்பு உண்டு. ஒரு பிளாக்கில் சீனர் 87 சதவீதம் வரை இருக்கலாம்; இந்தியரும் மற்றவரும் சேர்ந்தே 15 தான். சீனர் வரம்பு நிரம்பிவிட்டால் இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைந்தால் விலையும் படுத்துவிடும்.

அதனால் மாப்பிள்ளை "சீனர்-இந்தியர்னு போடுவோம், நாளைக்கு அவளுக்குச் சுலபம்" என்றார். நியாயம்தான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நீங்களும் அம்மாவும் சாதி விட்டுச் சாதி கட்டிக்கொண்டவர்கள். தாலுகா ஆபீஸில் எனக்கு வாங்கிய சான்றிதழில் உங்கள் சாதி மட்டும் இருந்தது. அம்மாவின் ஆட்கள் அந்தத் தாளில் எங்குமே இல்லை. அம்மா வாங்கிப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை அப்பா. அன்றைக்கு யாருக்கும் அது தோன்றவே இல்லை. என் பெண்ணுக்கு அப்படி வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன்.

மாமியாருக்குத்தான் வருத்தம், பேத்தி சீனம் படிக்கமாட்டாளோ என்று. அவர் வாயில் வருவது ஹொக்கியன் என்ற வட்டாரச் சீனம். பள்ளிக்கூடத்தில் சீனப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடம் என்று நடத்துவதோ மாண்டரின் என்ற பொதுச் சீனம். "உங்க பேச்சை நீங்க சொல்லிக்கொடுங்க, தமிழைப் பள்ளிக்கூடத்துல படிக்கட்டும்" என்றேன். சிரித்துவிட்டார். பிறப்பைப் பதிய 42 நாள் கெடு. பேச்சு மறுபடி வளர்வதற்குள் இந்தியர்-சீனர் என்று பதிந்தாயிற்று.

தம்பியிடம் சொல்லி உங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பா நடவு முடிந்ததும் கிளம்பலாம். அம்மாவைப் பிரசவ லேகியம் கிண்டி எடுத்துவரச் சொல்லுங்கள். உங்கள் புகையிலைப் பொட்டலம் மட்டும் வேண்டாம், இங்கே அதற்குத் தடை. விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்