பேருந்து எங்கே நிற்கும் என்று முன்பே சொல்லலாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலங்களில் சென்னையிலிருந்து இயக்கப்படும் கூடுதல் பேருந்துகள், சிறப்பு ரயில்கள் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் தவறாமல் வெளியாகின்றன. இருக்கை கிடைத்தும் ஏறத் தயங்கி வீட்டிலேயே தங்கிவிடுவோரைப் பற்றி எழுத விரும்புகிறேன். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிந்துவிடும் பெண்கள், புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின் அடக்க இயலாமல் தவிக்கும் ஆண்கள், உணர்வு வந்த மறுநிமிடமே கழிப்பறையை எட்டியாக வேண்டிய முதியவர்கள் எனப் பலர் இதில் அடங்குவர். நானும் அவர்களுள் ஒருத்தி.

கசிவைச் சமாளிக்கப் பேடும், உள்ளாடைபோல் அணியும் டயப்பரும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. சமாளிக்க இயலாதது, அடுத்த கழிப்பறை எப்போது வரும் என்று தெரியாத நிலைதான். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஓடும் புறநகர் மின்சார ரயில்களில் கழிப்பறை கிடையாது. நகரின் தெற்கே புறநகரில் உள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டங்களுக்குச் செல்ல வேண்டிய வடசென்னைவாசிக்கு முனையத்தை அடைவதே ஒரு பயணமாகிவிட்டது. அங்கே ஏறிய பிறகும், வண்டி எந்த மோட்டலில், எத்தனை மணிக்கு நிற்கும் என்பது ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மட்டுமே தெரியும். மற்ற பயணிகளின் காதுபட "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று கேட்க நா எழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

இதற்கு அஞ்சியே பலர் புறப்படுவதற்கு முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இது தவறு. நீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும். அவசர உணர்வு கூடும். மலச்சிக்கல் சேர்ந்து கசிவை மேலும் மோசமாக்கும். தண்ணீரை அவ்வப்போது சிறிது சிறிதாகக் குடித்து, காபியையும் தேநீரையும் குறைத்துக்கொள்வதே நல்லது. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்கள், பயண நாளில் அதை எந்த வேளையில் எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. வயதானால் இப்படித்தான் என்று ஒதுக்கிவிடாமல், அரசு மருத்துவமனைகளின் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவிலோ, கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையிலோ காட்டலாம். சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியாலேயே பலருக்குக் கசிவு குறைகிறது.

ரயிலில் மூத்த குடிமக்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் கழிப்பறைக்கு அருகில் வேண்டும் என்று கேட்க முன்பதிவில் வழியில்லை. நாற்றத்துக்கு அஞ்சி எல்லோரும் வேண்டாமென்று ஒதுக்கும் அந்த ஓரத்துப் படுக்கைதான் எங்களுக்கு வரப்பிரசாதம்!

கழிப்பறை இருந்தாலும் உள்ளே உடை மாற்றுவது எளிதன்று. பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறைகள் பலவற்றில் பையை மாட்ட ஒரு கொக்கிகூட இருப்பதில்லை. ஈரத் தரையில் வைக்க மனம் வராமல் பையைத் தோளிலும், மாற்று உள்பாவாடையைப் பல்லிடுக்கிலும் வைத்துக்கொண்டு, ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் பேடை மாற்றிப் பார்த்தால்தான் அந்தச் சிரமம் விளங்கும். பெண்கள் பகுதியிலாவது சில இடங்களில் மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்கிறது. ஆண்கள் பகுதியில் அதை யாரும் நினைத்துப் பார்ப்பதாகவே தெரியவில்லை. நனைந்த டயப்பரை அவர்கள் எங்கே போடுவார்கள்?

கொக்கிக்கும் தொட்டிக்கும் சிறிது செலவாகும் என்பதால் அவற்றுக்குக் காலம் பிடிக்கலாம். வண்டி எங்கெங்கே, எந்நேரத்தில் நிற்கும் என்பதைப் பயணச்சீட்டில் அச்சிடவும், புறப்படும்போது நடத்துநர் ஒருமுறை உரக்கச் சொல்லவும் பெரிய செலவேதும் ஆகாது. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் வரும் பொங்கல் பயணத்திலேயே இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.