மச்சானுவை மூழ்கடித்த கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடற்படைக் கட்டுரையில், ‘தென்கிழக்கு ஆசியாவில் முதன்முதலாக நீர்மூழ்கிக் கப்பல் வாங்கிய நாடு இந்தோனேசியா’ என்று ஒரு வரி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். வரி மாறவில்லை.

இந்தோனேசியா சோவியத் நீர்மூழ்கிகளை வாங்கியது 1959இல். சயாமோ (இன்றைய தாய்லாந்து), ஜப்பானின் கோபே நகரில் மிட்சுபிஷி கட்டிய கப்பல்களை 1937 செப்டம்பர் 4 அன்றே பெறத் தொடங்கிவிட்டது. மறு ஆண்டு நான்கும் பாங்காக் வந்து சேர்ந்தன. தாய்லாந்துக் கடற்படை இன்றும் அந்தத் தேதியை நீர்மூழ்கி தினமாகக் கொண்டாடுவது தாங்கள் அறியாததல்ல.

ஒன்றின் பெயர் மச்சானு. அவர்களுடைய ராமாயணத்தில் அனுமனின் மகன். மயில் இராவணன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு மச்சவல்லபன். மீனுக்குப் பிறந்தவன் பெயரை நீருக்குள் போகும் கப்பலுக்கு வைத்த அந்த ரசனைக்காகவாவது ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

சமுத் பிராகான் கடற்படை அருங்காட்சியகத்தில் மச்சானுவின் மேல்கோபுரம் மட்டும் நிற்கிறது. தொட்டுப் பார்த்திருக்கிறேன். அப்போது எடுத்த புகைப்படத்துடன் தங்களுக்கு மூன்று பக்கக் கடிதம் அனுப்பினேன். வெளியாகவில்லை. அந்த மாதம் பாங்காக்கில் எங்கே மலிவாகத் துணி வாங்கலாம் என்று நான்கு பக்கம் வந்தது. சயாம் என்றால் தங்களுக்கு ஒன்று கடைவீதி, இல்லையேல் போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா மரண ரயில். அந்த ரயில் பாதைக்குக் கெடா தோட்டத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர் என் பெரியப்பா; அதை எழுத வேண்டாம் என்று நான் சொல்வேனா? ஆனால் அந்த நாட்டுக்கு வேறு கதையே கிடையாதா?

1945இல் குண்டுவீச்சில் பாங்காக்கின் மின்நிலையங்கள் முடங்கியபோது, இந்த நீர்மூழ்கிகளின் மின்சாரத்தில் ட்ராம் ஓடியது. கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு மின்பணி பார்த்தவன் என்பதால், படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. முடிவும் எனக்குப் புரியும் விதமாகவே இருந்தது. போரில் தோற்ற ஜப்பானிடமிருந்து உதிரிபாகமும் பேட்டரியும் வரவில்லை. பேட்டரி போன நீர்மூழ்கி வெறும் இரும்புப் பீப்பாய். 1951இல் நான்கையும் படையிலிருந்து விலக்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் கடற்படையினர் சிலர் நடத்திய கலகம் தோற்று, அந்தப் படையின் செல்வாக்கே சரிந்திருந்தது.

இன்னொன்று. 1937ஐப் பற்றிப் பேசும்போதும் கட்டுரை ‘தாய்லாந்து’ என்கிறது. அப்போது அந்த நாட்டின் பெயர் சயாம். தாய்லாந்து ஆனது 1939இல். தங்கள் மெய்ப்புத் திருத்துநர் விடுப்பில் இருந்திருப்பார்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போதும். கட்டம் கட்ட வேண்டியதில்லை. அந்தப் புகைப்படத்தையும் திருப்பி அனுப்பினால் நல்லது, என்னிடம் வேறு பிரதி இல்லை. தபால்தலை ஒட்டிய உறை அன்றே இணைத்திருந்தேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
பினாங்கு