பலகையை இறக்குங்கள்

மதிப்பிற்குரிய குடியிருப்பு நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மொட்டைமாடி விளம்பரப் பலகை பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லாததால், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

செவ்வாய் இரவு அடித்த காற்று உங்களுக்கும் கேட்டிருக்கும். பலகைக்கு நேர் கீழே இருப்பது எங்கள் வீடு. ஒவ்வொரு வீச்சுக்கும் கூரை முனகியது. மேசைமேல் குவளைத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழுந்தது. அம்மாவைக் கட்டிலோடு நகர்த்திச் சுவரோரம் படுக்க வைத்தோம். விடியும்வரை அவர் என் கையை விடவில்லை. காலையில் மாடிக்குப் போனேன். காற்று வந்த பக்கத்துக் காலின் அடித்தகட்டில் ஒரு நட்டை விரலாலேயே திருக முடிந்தது. சுற்றிலும் கான்கிரீட்டில் மயிரிழை விரிசல்; அதில் துருநீர்.

"இத்தனை காலம் நின்றதுதானே" என்கிறீர்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரைச் சுமார் 12 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும், 100 கி.மீ. என்றால் 47 கிலோ. நம் பலகை பத்துக்கு ஐந்து மீட்டர். இரண்டு டன்னுக்கு மேல் ஆகிறது. பின்பக்கத்து உறிஞ்சலும் அதோடு சேரும். பலகை சாயப் பார்க்கும்போது, காற்று வரும் பக்கத்துக் கால் மேல்நோக்கிப் பிடுங்கப்படும். நட்டு கழன்றிருப்பதும் அங்கேதான்.

இங்கிலாந்தில் ஃபெர்ரிபிரிட்ஜ் மின் நிலையத்தின் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று 1965இல் காற்றில் சரிந்தன. ஒரு நிமிடச் சராசரி வேகத்தை நம்பி, சில நொடி வீச்சைக் கணக்கில் விட்டதும் அதற்கு ஒரு காரணம்.

பலகையை இறக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். வாடகை வருகிறது, தெரியும். அதில் ஒரு பங்கைக் கொண்டு கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைக்க முடியாதா? சுவருக்கு எந்த நிறம் பூசுவது என்று மூன்று கூட்டம் போட்டோம். போல்ட்டுக்காக ஒன்றுகூடப் போடவில்லை. படிக்கட்டுக் கூரைத் தகரம் இன்றும் செங்கல் பாரத்தில்தான் கிடக்கிறது. அதுவும் மாடியின் மூலையில், காற்றின் உறிஞ்சல் மிக வலுவாக இருக்கும் இடத்தில்!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். சட்டத்தை உடனே பிரிக்க முடியாவிட்டால், முகப்புத் தகட்டையாவது இந்த வாரமே இறக்குங்கள். வெறும் சட்டத்தின் ஊடே காற்று பெருமளவு போய்விடும். பொறியாளர் பார்த்து எழுத்தில் தரும்வரை அதைத் திரும்ப ஏற்ற வேண்டாம்.

ஞாயிறு காலை மாடிக்கு வாருங்கள். அந்த நட்டை நீங்களே தொட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
மேல்தளத்தில் குடியிருப்பவர்