தண்ணீரோடு மீன் ஈரலையும் சோதியுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை மாவட்ட மீன்வளத் துறையினருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாருக்கும் வணக்கம்.

ஏரியில் மீன் செத்து மிதந்தால் ஊரே கூடுகிறது. என் கவலையெல்லாம் சாகாமல் நீந்துகிற மீனைப் பற்றியது.

பாலாற்றங்கரை டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் உத்தரவிட்டது. ராணிப்பேட்டையில் பழைய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல்.

சோதனைக்கு எடுக்கும் தண்ணீர், எடுத்த அன்றைய நிலையைத்தான் சொல்லும். நல்ல மழை பெய்தால் அளவு குறைந்தே தெரியும். மீன் ஈரல் அப்படியல்ல. செவுள் வழியாகவும் இரை வழியாகவும் உள்ளே போகும் காட்மியம், ஈயம், குரோமியம் எல்லாம் அங்கே வந்து சேரும். காட்மியத்தைக் கட்டிவைக்க மெட்டலோதயோனின் என்ற புரதத்தை ஈரல் சுரக்கும். வரத்து அதைத் தாண்டிவிட்டால் செல்கள் சிதையும். குரோமியத்தில் நச்சு மிகுந்த குரோமேட் வகையோ செல்லுக்குள் எளிதாக நுழைந்து, அங்கே வேதிமாற்றம் அடையும்போதே சேதம் செய்கிறது. செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள் ரத்தத்தில் கசியும். நமக்கு மஞ்சள் காமாலை என்றால் பார்க்கிற அதே எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடிதான். ஈரல் சேமித்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும் கரையும். பெண் மீனின் முட்டை மஞ்சள் கருவுக்கான புரதமும் ஈரலில்தான் உருவாகிறது. அதனால் ஈரல் கெட்டால் அடுத்த தலைமுறைக் குஞ்சும் குறையும்.

மீன் கடையில் ஜிலேபிக் கெண்டையை ஆய்ந்து கொடுக்கும் அக்கா, பித்தப்பை உடையாமல் குடலோடு ஈரலையும் வழித்துப் போடுகிறார். வெளுத்து, தொட்டாலே குழைகிற ஈரலும் அதில் உண்டு. தீனிக் கோளாறாலும் ஈரல் வெளுக்கும். எனவே கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, குஞ்சு விடுமுன் ஒருமுறை, பிடிக்கும் பருவத்தில் ஒருமுறை, பாலாற்று ஏரி மீன்களின் ஈரலையும் ரத்தத்தையும் சோதியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க மோர்தானா அணை மீனையும் எடுங்கள். சதையைக் கட்டாயம் தனியாகப் பாருங்கள். பொதுவாக ஈரலில் சேரும் அளவுக்குச் சதையில் உலோகம் சேர்வதில்லை. இதைச் சொல்லாமல் ஈரல் கணக்கை மட்டும் வெளியிட்டால், குத்தகை எடுத்த மீனவர்களின் பிழைப்பில் மண் விழும். சரி, சதையிலும் அளவு மீறியிருந்தால்? அந்த ஏரியில் மீன்பிடியை நிறுத்தி, குத்தகைப் பணத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். முடிவுகளை ஏரி வாரியாகத் தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள்.