காவிரிக் கரை அறக்கட்டளைகளுக்குக் கடைமடையிலிருந்து ஒரு திறந்த மடல்

முக்கொம்பு தொடங்கி கடல் வரை, சொந்தச் செலவில் குளம் வெட்டும் அறக்கட்டளைகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் விவசாய சங்கங்களுக்கும் வணக்கம்.

கல்லணைக் கால்வாய் முடிகிற பக்கத்து, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்க்காரன் நான். கஜா புயலுக்கு மறுவருஷம் எங்கள் ஊரில் வசூல் நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். பொக்லைன் வைத்துக் குளத்தைத் தூர்வாரி, கரையையும் உயர்த்தினோம். மேட்டூர் திறந்து ஒரு மாதமாகியும் குளத்தில் முழங்கால் தண்ணீர்தான். வரத்து வாய்க்கால் மூன்று ஊர் தாண்டி வருகிறது. நடு ஊரில் காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. எங்கள் எல்லை இல்லையே என்று நாங்கள் விட்டிருந்தோம். தங்கள் குளத்துக்கு அதில் தண்ணீர் வருவதில்லை என்று அவர்களும் விட்டிருந்தார்கள்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். மேல ஊர்களில் ஆகாயத்தாமரையை அறுத்துக் கரையேற்றாமல் தண்ணீரோடு தள்ளிவிடுகிறீர்கள். போட்டோவில் உங்கள் வாய்க்கால் பளிச்சென்று இருக்கிறது. நாலு நாளில் அது மிதந்து வந்து எங்கள் மதகை அடைத்துக்கொள்கிறது.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் கடலுக்கு ஓடியது. முக்கொம்பில் மதகுகளே உடைந்துபோயின. அதே நாட்களில் கடைமடையில் பல வாய்க்கால்கள் காய்ந்து கிடந்தன. மேட்டூர் அணை பிடிப்பது 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அதற்கு மேல் வருவதைத் தேக்க நமக்கு ஏரி குளங்களை விட்டால் வேறு என்ன இருக்கிறது? கர்நாடகத்தோடு வழக்காடி வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பு வாங்கினோம், சரி. நம் வாய்க்காலுக்கு யாரிடம் வழக்குப் போடுவது?

பேராவூரணியில் கைஃபா (கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம்) அமைப்பினர் 2019இல் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். 500 ஏக்கருக்கும் மேற்பட்ட ஏரி அது. ஊர்மக்கள் சேர்ந்தால் எவ்வளவு முடியும் என்று அங்கே பார்த்தோம். ஆனால் இனி ஊர்க் கணக்கு போதாது, வாய்க்கால் கணக்கு வேண்டும். வாய்க்கால் பிரிகிற தலைப்பிலிருந்து கடைமடை வரை ஒரு வாய்க்காலுக்கு ஒரு குழு. வசூலில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவில் போடுவோம். நீர்வளத்துறையிடம் அனுமதியும் சேர்ந்தே கேட்போம். தனித்தனியாக அலைந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம். வழக்கமாக மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்கு முன்னால், வாய்க்கால் காய்ந்திருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும்.

சித்திரை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கூடுவோம். சாப்பாடு எங்கள் பொறுப்பு. பஸ் வேண்டாம், கல்லணையிலிருந்து வாய்க்கால் கரையோடு பைக்கிலேயே வாருங்கள். எங்கெங்கே அடைத்திருக்கிறது என்று வழியிலேயே பார்த்துவிடலாம்.