ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக: தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நர்சரி, பிரைமரி, மெட்ரிக் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியராக இருந்தவள் நான். அதில் பெரும்பகுதி ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளோடுதான் கழிந்தது. இப்போது என் பேத்தி ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய கணக்கு நோட்டைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு பக்கம் முழுக்கக் கடன் வாங்கிக் கழித்தல். எல்லாமே சரி, எல்லாவற்றிலும் சிவப்பு டிக். ஒரு தாளில் 42-இல் 17-ஐக் கழிக்கச் சொல்லிக் கொடுத்தேன். 35 என்று எழுதினாள். ஏழில் இரண்டு போக ஐந்து, நான்கில் ஒன்று போக மூன்று. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்பது மட்டும் மனதில் நின்றிருக்கிறது. அப்புறம் நோட்டில் எப்படிச் சரியாக வந்தது? "மிஸ் போர்டுல போட்டாங்க பாட்டி, பார்த்து எழுதினோம்" என்றாள்.

அந்த ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, ஈ.வி.எஸ்., இந்தி, ஜி.கே., கம்ப்யூட்டர் என்று நாளுக்கு எட்டு பீரியடு. 40 நிமிடத்தில் கழித்தலைப் போர்டில் எழுதிப் போடலாம். 35 பிள்ளைகளுக்கும் அது புரிந்ததா என்று பார்க்க முடியாது.

விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, நான்கு கட்டும் இரண்டு உதிரியும் அவள் முன்னால் வைத்தேன். 17 எடு என்றேன். ஒரு கட்டை எடுத்துவிட்டாள். இன்னும் ஏழு வேண்டும், உதிரியாக இருப்பதோ இரண்டு. சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், நான் சொல்லாமலே இன்னொரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். கடன் வாங்குவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வகுப்பில் வாரம் ஒரு நாள் இலை கொண்டுவரச் சொல்வேன். ஒரு முறை வேப்பங்கொத்தும் பூவரச இலையும் வந்தன. ஒரு காம்பில் எத்தனை சிற்றிலை என்று எண்ணினார்கள். ஓரம் ரம்பம் போல இருப்பது எது, வழுவழுவென்று இருப்பது எது என்று பிரித்து வைத்தார்கள். பூவரச இலையை நடு நரம்போடு மடித்தால் இரண்டு பாதியும் கிட்டத்தட்டப் பொருந்தின. வேப்பிலையில் ஒரு பையன் எவ்வளவோ முயன்றும் பொருந்தவில்லை. "டீச்சர், இது ஒரு பக்கம் ஒல்லியா இருக்கு" என்றான். உண்மைதான், வேப்பிலை அடிப்பக்கத்தில் கோணலாகத்தான் இருக்கும். அன்று காலை முழுவதும் அதிலேயே போனது. சமச்சீர் வந்தது, எண்ணிக்கை வந்தது, படம் வந்தது. "வேப்பிலை கசக்கும்" என்று முதல் முறையாகச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிய பிள்ளைகளும் உண்டு. அதில் எது அறிவியல், எது கணக்கு, எது தமிழ் என்று எந்தப் பீரியடில் போட்டிருப்பீர்கள்? ஆறு, ஏழு வயதில் அப்படி வேலி கிடையாது. வேலியை நாம்தான் கட்டுகிறோம், அதுவும் புத்தகம் விற்பதற்கு வசதியாக.

இது அரசுப் பள்ளிக்கு மட்டும் ஒத்துவரும் என்று சொல்லிவிடாதீர்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலிலும், 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் குறை உண்டு. அட்டைகள், பதிவேடுகள் என்று எங்களையும் வேலை பிழிந்தது. ஆனால் பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்து, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது. அதை எடுத்துக்கொள்ள நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது, மொழியும் கணக்கும் தவிர வேறு பாடம் வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதமே சொல்லிவிட்டது. இந்த வகுப்புகளுக்குப் பை எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதே ஆண்டு மத்திய அரசின் சுற்றறிக்கையும் வந்தது. என் பேத்தியின் பையை வீட்டுத் தராசில் வைத்தேன். 4 கிலோ.

பெற்றோர்தான் நிறையப் புத்தகம் கேட்கிறார்கள் என்பீர்கள். கேட்கிறார்கள், எனக்கும் தெரியும். அவர்களை ஒரு சனிக்கிழமை வரவழையுங்கள். பிள்ளை தானாக ரப்பர் பேண்டைக் கழற்றும் அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கட்டும்.

அடுத்த கல்வியாண்டுக்கான மாதிரிப் புத்தகங்களோடு ஏஜென்டுகள் சீக்கிரமே வருவார்கள். அந்தப் பட்டியலில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு நேரே ஜி.கே., கம்ப்யூட்டர், இந்தி மூன்றையும் அடித்துவிடுங்கள். காலை இடைவேளை வரை மணி அடிக்காமல் ஒரே ஆசிரியரிடம் வகுப்பை விடுங்கள். எப்படித் தொடங்குவது என்று உங்கள் ஆசிரியைகள் கேட்டால் நான் வருகிறேன். காசு வேண்டாம். ஈர்க்குச்சிக் கட்டும் வேப்பங்கொத்தும் நானே கொண்டுவருவேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்