சினைப்பையில் எத்தனை துளை?

ஆசிரியருக்கு,

சினைப்பை நீர்க்கட்டி நோய் (பி.சி.ஓ.எஸ்.) உள்ள பெண்கள் கருத்தரிப்பதற்காகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி (கேமரா குழாய் வழி) அறுவை சிகிச்சையை 'கட்டியை அகற்றுவது' என்றே பலரும் எழுதுகிறார்கள். அகற்ற அங்கே கட்டியே இல்லை. ஸ்கேனில் முத்துச்சரம் போலத் தெரிபவை வளர்ச்சி நின்றுபோன சிறு கருமுட்டைப் பைகள். அறுவையில் செய்வது, சினைப்பையில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கும் திசுவில் கொஞ்சத்தைச் சுட்டு அழிப்பதுதான். அந்த ஹார்மோன் குறைந்தால் முட்டை தானாக வெளியேறத் தொடங்கலாம்.

1935இல் ஸ்டெய்ன், லெவென்தால் என்ற அமெரிக்க மருத்துவர்கள் சினைப்பையை ஆப்பு வடிவில் வெட்டும் முறையை விவரித்தார்கள். அறுவைக்குப் பிறகு உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் அது வழக்கொழிந்தது. இப்போது ஊசிமுனை மின்வாயால் துளைக்கிறார்கள்: பொதுவாக ஒரு சினைப்பைக்கு 4 துளை, ஒவ்வொன்றும் 4 விநாடி, 40 வாட். 'இன்னும் நாலு போட்டால் நல்லது' என்ற கணக்கு இங்கே செல்லாது. முட்டை இருப்புதான் கரையும். இரத்தக்குழாய் நுழையும் இடத்தருகே சுட்டால் சினைப்பையே சுருங்கிப்போகலாம். சுட்ட இடத்தை உப்புநீர் விட்டுக் குளிர்விக்க வேண்டும். அதே மயக்கத்தில் நீலச்சாயம் செலுத்திக் கருக்குழாய் அடைப்பையும் பார்த்துவிடலாம்.

ஆனால் முதல் சிகிச்சை இதுவல்ல. முதலில் தருவது முட்டை வெளியேறத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை: 2.5 மி.கி.யில் தொடங்கி, மாதவிலக்குச் சுழற்சியின் ஆரம்பத்தில் 5 நாள். பலன் இல்லையென்றால் அளவைக் கூட்டுவார்கள். கணவரின் விந்துப் பரிசோதனையும் முன்பே முடிந்திருக்க வேண்டும். துளையிட்டும் 12 வாரத்தில் முட்டை வெளியேறாவிட்டால் மறுபடி மாத்திரைதான், மறுபடி துளையல்ல. முகப்பருவுக்காகவோ ஒழுங்கற்ற மாதவிலக்குக்காகவோ மட்டும் துளைக்கச் சொன்னால் மறுத்துவிடலாம்.

– மகப்பேறு மருத்துவர் ஒருவர்